பேட்டரி இல்லாத ஜீப்பு

மூணு வருசம் பாடுபட்டுப் புத்தம் புதுசாட்ட ஆக்கி வெச்ச ஜீப்பு மேல, கட்டின பொண்டாட்டியே சேத்தை அப்பி வெச்சா எந்த மனுசன் பொறுத்துக்குவான்?

திருமூர்த்தி பொறுத்துக்கலை. பல்லடத்துல இருக்கிற மச்சான் தனபாலுக்குப் போனைப் போட்டு, "உங்க தங்கச்சி செஞ்சிருக்கிற காரியத்தை வந்து பாருங்க"ன்னு சொல்லிப்போட்டான். அவரும் பாவம், என்ன குடி முழுகிப் போச்சோன்னு அடிச்சுப் புடிச்சு சத்தியமங்கலம் தோட்டத்துக்கு வந்து சேந்தாரு.

வந்து பாத்தா ஜீப்பு நிக்குது.

"இதுக்குங்களா மாப்பிள்ள கூப்பிட்டீங்க?"

"இதுக்கான்னு கேக்கறீங்களே மச்சான். நாளைக்குக் கோயமுத்தூர்ல பழைய வண்டிக் கண்காட்சிங்க. மொதப் பரிசு நமக்குத்தான்னு ஊரே சொல்லுது."

ஊருன்னா, அவனோட வாட்ஸ்அப் குரூப்பு.

அவன் பட்ட பாட்டையும் சொல்லத்தான் வேணும். துருப்பிடிச்சு, உள்ள கோழி அடைகாத்துக் கிடந்த வண்டியை வாங்கிட்டு வந்து, மாட்டுக் கொட்டாயைக் காலி பண்ணி அங்க நிறுத்தினான். மாடு வெளிய நின்னு மழையில நனைஞ்சுது. டிங்கர் வேலை, இஞ்சின் வேலை, பெயிண்ட்டு எல்லாம் அவனே. காடு மலையெல்லாம் ஏறுற வண்டின்னு வர்றவங்க போறவங்ககிட்ட ஒரே பெருமை. ஆனா அது இதுவரைக்கும் ஏறினது கொட்டாயி வாசல் மேடு மட்டுந்தான். அதுக்கும் கீழ சாக்கு விரிப்பான். டயர்ல மண்ணு ஒட்டிக்குமாம்.

நேத்துச் சாயங்காலம் காந்திபுரத்துல சீட் கவர் வாங்கிட்டு நின்னப்பவும் ஒரு தொந்தரவு. ஓடைக்கு அந்தப் பக்கம் குடியிருக்கிற ஆல்வின் போன் பண்ணினான்.

"அண்ணா, ஜீப்பு வேணுங்கண்ணா. அப்பாவுக்கு..."

"பேட்டரி கழட்டி வெச்சிருக்குது தம்பி"ன்னு வாயில வந்ததைச் சொல்லிப் போனை வெச்சுட்டான். பின்ன? இன்னைக்கு அப்பாவுக்கும்பாங்க, நாளைக்குக் கல்யாணப் போட்டோவுக்கும்பாங்க. மழை வலுத்துருச்சுன்னு அங்கயே அக்கா ஊட்டுல தங்கிட்டு, காலையில வந்து தார்ப்பாயைத் தூக்கினா இந்தக் கோலம்.

"பானட்டு வரைக்கும் சேறு. பின் சீட்டெல்லாம் ஈரம். பெயிண்ட்டுல முள்ளுக் கீறல் பாருங்க மச்சான்." சொல்லிக்கிட்டே கீறலை விரலால தடவித் தடவிக் கண் கலங்கினான். கல்யாணத்தன்னைக்குப் பொண்ணு அழுததுக்குக்கூட அவன் இப்படிக் கலங்கினதில்லை.

தனபால் தங்கச்சி பக்கம் திரும்பினாரு. "ஏன் அம்மணி, நீதான் எடுத்தியா?"

"ஆமாங்கண்ணா."

"எங்க போன?"

பொற்கொடி புருசனைப் பாத்தா. "அண்ணன் முன்னாடியே சொல்லட்டுங்களா?"

"சொல்லு. எதுக்கு மறைக்கறே? எல்லாத்தையும் சொல்லு."

அவ கீழ கிடந்த தார்ப்பாயை எடுத்து மடிக்க ஆரம்பிச்சா.

"பாத்தீங்களா மச்சான், பதிலு வருதான்னு. நான் இல்லாத நேரம் பாத்து ஜம்முனு சவாரி போயிட்டு வந்திருக்கறா. ஸ்டியரிங்கைத் தொடாதேன்னு எத்தனை தடவை சொல்லியிருப்பேன்."

"கல்யாணத்துக்கு முன்னால நம்ம பண்ணைக்குக் கோழித் தீவனம் ஏத்திட்டு வந்தது இவதானுங்க. ஓட்டத் தெரியாதவ இல்லை. ஆனாலும் அம்மணி, அவரைக் கேக்காம எடுத்தது தப்பு. மன்னிப்புக் கேட்டுப்போடு."

"தப்புத்தானுங்க"ன்னு பொற்கொடி தலையைக் குனிஞ்சுட்டே சொன்னா. திருமூர்த்திக்குக் கொஞ்சம் மனசு ஆறுச்சு.

அந்த நேரம் பாத்து ஆல்வின் வந்தான். வந்தவன் நேரா திருமூர்த்தி கையைப் புடிச்சுக்கிட்டான்.

"அப்பா கண்ணு முழிச்சுட்டாருங்கண்ணா. நெஞ்சுவலி. தரைப்பாலத்து மேல தண்ணி போனதுல ஆம்புலன்ஸ் இந்தப் பக்கமே நின்னுபோச்சு. நீங்க பேட்டரி இல்லீன்னதும் எனக்கு உசுரே போயிருச்சு. அம்மா அழுதுட்டே பொற்கொடி அக்காவுக்குப் போன் பண்ணுச்சு. கொஞ்ச நேரத்துல அக்கா முள்ளுக்காட்டுல பூந்து, தண்ணியில எறக்கி, ஜீப்போட வந்து நிக்கறாங்க."

திருமூர்த்தி மெதுவாக் கையை உருவிக்கப் பாத்தான்.

"பேட்டரி இல்லீன்னாரே அண்ணன்னு கேட்டேனுங்க. 'வேற பேட்டரி இருக்குது, அதை மாட்டி உடனே எடுத்துட்டுப் போன்னு அண்ணன்தான் போன் பண்ணிச் சொன்னாரு'ன்னாங்க. நீங்க நல்லா இருக்கோணுங்கண்ணா." கண்ணைத் தொடைச்சுக்கிட்டு, ஆஸ்பத்திரிக்குப் போவோணும்னு அவன் கெளம்பிட்டான்.

தனபால் ஒண்ணும் புரியாம மாப்பிள்ளையைப் பாத்தாரு. "ஏனுங் மாப்பிள்ள, நீங்களே அனுப்பிச்சு உட்டுப்போட்டு..."

திருமூர்த்தி தொண்டையைச் செருமிக்கிட்டான். "போனது தப்புன்னு நான் சொன்னனுங்களா மச்சான்? வந்ததும் கழுவி வெச்சிருக்கோணுமல்ல. அதைத்தான் கேட்டேன்."

பொற்கொடி போயி வாளியில தண்ணி மோந்துட்டு வந்தா.

"இரு, இரு, கழுவாதே." அவன் குறுக்க போயி நின்னுக்கிட்டான். ஜீப்பை ஒரு சுத்துச் சுத்தி வந்தான். மூஞ்சியில வெளிச்சம் வந்துருச்சு. "சேறு இப்படியே இருக்கட்டும். உசுரைக் காப்பாத்துன வண்டின்னு ஒரு போர்டு மாட்டிக்கறேன். நாளைக்கு மத்தவனெல்லாம் பாலீஷ் போட்டுட்டு வருவான், நம்முளுதுதான் தனியாத் தெரியும். பொட்டுச் சேறு உதுரக் கூடாது, ஆமா. சாவியைக் குடு."

அவ சாவியைக் குடுத்தா. அண்ணன் காதுல உழுகாம, மெதுவாச் சொன்னா.

"பேட்டரி இருக்குதான்னு ஒருக்கா பாத்துப்போட்டு ஏறுங்க."