தேவதைக்கு ஒரு சீட்டு

சிறகு இரண்டாவது முறையும் கோணலாகத்தான் வந்தது.

துணி மாட்டும் கம்பியை வளைத்து, பழைய கொசுவலையை இழுத்துக் கட்டினால் போதும் என்று வீடியோவில் ஒரு பெண் சொல்லியிருந்தாள். அவனும் கட்டினான். சிறகும் வந்துவிட்டது. தேவதைக்கு அல்ல, அடிபட்ட வௌவாலுக்கு.

எதிரே தரையில் குப்புறப் படுத்திருந்தாள் நறுமுகை. ஏழு வயது மகள். அவள் சிறகைக் கடையில் வாங்கியாயிற்று. வில்லங்கம் விழா நோட்டீஸின் கடைசி வரியில் இருந்தது.

‘உடன் வரும் பெரியவர்களும் சிறகு அணிந்தே வர வேண்டும்.’

அவன் தொண்ணூற்றிரண்டு கிலோ. இந்தத் தேவதை பறந்து வருவதைப் பார்த்தால் மரக்கிளைகளே ஒதுங்கி வழிவிடும்.

ஞாயிற்றுக்கிழமை, ஏற்காட்டில் ஒரு தோட்டத்தில், தேவதைத் திருவிழா. குடும்பத்துடன் வருக என்று போட்டிருந்தது. குடும்பம் என்றால் குறைந்தது எத்தனை பேர் என்று போடவில்லை.

அவனும் கேட்டுக்கொள்ளவில்லை.

மத்தியானம் அக்கா போன் செய்தாள்.

“வசுமதி போயி வருஷம் திரும்பலைடா. பொண்டாட்டி செத்த வீட்டுல அதுக்குள்ள திருவிழாவா?”

“பஞ்சாங்கத்துல பாத்துட்டேன்க்கா. தேவதைத் திருவிழான்னு ஒண்ணு இல்லவே இல்ல.”

அக்கா சிரிக்கவில்லை. மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

“வளைவுல புள்ள வாந்தி எடுப்பா. எலுமிச்சம்பழம் எடுத்துக்க,” என்று வைத்துவிட்டாள்.

அதையும் யோசித்திருந்தான். இருபது கொண்டை ஊசி வளைவு. முன்பெல்லாம் அவன் காரை ஓட்டுவான், வசுமதி பின்சீட்டில் பையைப் பிடித்துக்கொள்வாள். ஒரு கையில் ஸ்டியரிங், ஒரு கையில் பை என்கிற வித்தை அவனுக்கு வராது. அதனால் பஸ். சிறகோடு பஸ். இரண்டு பேர் சீட்டில் இரண்டு தேவதைகள்.

தீபாவளி இல்லை. பொங்கல் இல்லை. பக்கத்து வீட்டு முறுக்கு மட்டும் வந்தது. முறுக்கு பண்டிகையில் சேர்த்தி இல்லை என்று அவன் தீர்ப்புச் சொல்ல, இருவரும் உட்கார்ந்து கடித்தார்கள். நறுமுகை ஏன் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. பள்ளிக்கூடத்தில் யாராவது புதுச் சட்டை எங்கே என்று கேட்டிருப்பார்கள். என்ன சொன்னாளோ.

ஆகவே, துக்க வருஷத்துக்குள் ஒரு சந்து கண்டுபிடித்துவிட்டோம் என்று அவனுக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

தபால் வரும் வரை.

டிக்கெட்டோடு இலை வடிவத்தில் இரண்டு சீட்டுகள் வந்தன. ஓரத்தில் ஜிகினா. பிள்ளைக்கு ஒன்று, கூட வருகிறவருக்கு ஒன்று. ‘உங்கள் வேண்டுதலை வீட்டிலேயே எழுதி எடுத்து வாருங்கள். தேவதை படித்து, மரத்தில் கட்டுவார்.’

நறுமுகை என்ன எழுதுவாள் என்று கண்டுபிடிக்கப் பெரிய மூளை வேண்டியதில்லை.

அங்கே தேவதையாக இருப்பது காலேஜ் படிக்கும் ஏதோ ஒரு பெண்ணாக இருக்கும். ரோஸ் கவுன் போட்டிருக்கும். சீட்டைப் படிக்கும். “கண்டிப்பா நடக்கும்டா செல்லம்” என்று சொல்லித் தொலைக்கும். அப்புறம் இருபது வளைவு இறங்க வேண்டும். வீட்டுக்கு வந்து பூட்டைத் திறக்க வேண்டும்.

திறந்ததும் இவள் உள்ளே எட்டிப் பார்ப்பாள்.

அந்த ஒரு பார்வையைத் தடுக்கத்தான் இரண்டு நாளாகப் பாடுபட்டுக்கொண்டிருந்தான். சைக்கிள் பேச்சை எடுத்தான். நாய்க்குட்டி பேச்சை எடுத்தான், நாய் என்றால் அவனுக்குத் தொடை நடுங்கும் என்றாலும். விழா நடத்துகிறவர்களுக்கே போன் போட்டான்.

“எம் பொண்ணு எது கேட்டாலும் சரின்னு மட்டும் சொல்லிடாதீங்க மேடம்.”

“பயப்படாதீங்க சார், நீங்க எதுவும் வாங்கித் தர வேண்டியதில்ல. சும்மா ஜாலிக்குத்தான்.”

ஜாலிக்குத்தான் என்றதும் அவனும் ஹாஹா என்று சிரித்து வைத்தான்.

இப்போது அவள் எழுதிக்கொண்டிருந்தாள். நாக்கு ஓரமாக வெளியே வந்திருந்தது.

“என்னடி, மனு ரொம்ப நீளமோ?”

“பாக்காதப்பா.”

சொன்னாளே தவிர, மறைக்கவில்லை.

‘வாசனை ரப்பர் ஒன்று. ஸ்ட்ராபெரி.’

அவன் இரண்டு முறை படித்தான். வாங்கிப் பின்பக்கம் திருப்பினான். பின்பக்கம் வெள்ளையாக இருந்தது.

ஜெயித்தாயிற்று.

ஜெயித்தவன் சீட்டை இன்னொரு முறை திருப்பிப் பார்த்தான்.

“இவ்வளவுதானா?” என்றான். இரண்டு நாள் உழைப்பைத் தானே குழியில் தள்ளுகிறோம் என்று தெரிந்தும், வாய் நிற்கவில்லை. “தேவதைடி. பெருசா ஏதாச்சும் கேளேன்.”

நறுமுகை பென்சிலைக் கீழே வைத்தாள். விவரம் தெரியாதவர்களிடம் பேசுவது மாதிரி, நிதானமாகச் சொன்னாள்.

“அதெல்லாம் மாரியம்மன்கிட்டயே கேட்டாச்சுப்பா. இவங்க இத்துனூண்டு. பாவம்.”

எதெல்லாம் என்று அவன் கேட்கவில்லை.

எப்போது கேட்டாய் என்றும் கேட்கவில்லை.

அவள் இன்னொரு சீட்டை எடுத்து அவன் மடியில் வைத்தாள். பென்சிலையும்.

“உனக்கு. சின்னதாக் கேளு, என்ன?”

தலையாட்டினான். சின்னதாக ஏதாவது. யோசித்தான்.

அவன் எழுதுவதைப் பார்க்கக் கூடாது என்று அவள் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

பென்சில் சத்தம் கேட்கவில்லை.

வெகுநேரம் கேட்கவில்லை.

அப்பா மூக்கை உறிஞ்சும் சத்தம்தான் கேட்டது.

அவள் திரும்பவே இல்லை.