சில்லிட்ட குப்பி

காட்டு வேலைக்குப் போகிறவர்கள் வீட்டிலெல்லாம் உண்ணியின் உயிரணுக்கள் வளரும் குப்பி ஒன்று இருந்தது. தினமும் அதில் ஒரு சொட்டு ரத்தம் விட வேண்டும். உண்ணி கடித்துப் பரவும் குரங்குக் காய்ச்சலின் கிருமி ரத்தத்தில் இருந்தால் குப்பி நீலமாகிவிடும். வேலை போய்விடும், ஆனால் காய்ச்சல் கண்ட மூன்று நாளைக்குள் ஊசி போட்டால் ஆள் பிழைத்துக்கொள்ளலாம்.

வனக்காவல் வேலை பார்க்கும் கெம்பனின் குப்பி இன்றும் தெளிவாகத்தான் இருந்தது. அவன் மனைவி மாதேவிக்குத்தான் மனசு ஒப்பவில்லை.

"கண்ணு ரெண்டும் இப்படிச் செவந்து கெடக்கே?"

"தூக்கமில்ல. குப்பியப் பாரு, எனக்கு ஒண்ணுமில்ல."

குப்பியை எடுத்தாள். சில்லென்றிருந்தது. குளிர்ந்தால் உயிரணுக்கள் செத்துப்போகும், அப்புறம் நிறமே மாறாது என்று நர்ஸம்மா படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்.

"ஃப்ரிட்ஜுல வெச்சீங்களா?"

கெம்பன் தலையைக் குனிந்துகொண்டான். மாதேவி அவன் நெற்றியைத் தொட்டாள். அனலாய்க் கொதித்தது.

"எத்தன நாளா?"

"அஞ்சு" என்றான்.