செல்வநாயகி எழும்பவில்லை

"செல்வநாயகி, உன்ரை வேலை முடிஞ்சுதெல்லே? எழும்பு!"

இராசநாயகம் மாஸ்டர் மூன்றாம் தரமும் சொல்லிவிட்டார். அவள் அசையவில்லை.

சாவகச்சேரியில் கறண்ட் போய் மூன்று வருஷம். மாஸ்டரின் கொம்பியூட்டர் வகுப்பு மண்ணெண்ணெய் ஜெனறேற்றரில் ஓடிக்கொண்டிருந்தது. கொம்பியூட்டர் இரண்டே இரண்டு. ஒன்றில் மாஸ்டர், இடம்பெயர்ந்து வந்த முந்நூறு குடும்பங்களின் பெயர்களைக் காலையிலிருந்து அடித்துக்கொண்டிருந்தார். பன்னிரண்டு மணிக்குப் பட்டியல் போகாவிட்டால் இந்தக் கிழமை அவர்களுக்கு நிவாரண அரிசி இல்லை. மற்றதில்தான் வகுப்பு. ஆளுக்குப் பத்து நிமிஷம்.

"இருவது நிமிஷமாச்சு சேர்," என்றார் அடுத்ததாகக் காத்திருந்த சங்கக்கடை நமசிவாயம். "ஜெனறேற்றரிலை இனி அரைப் போத்தல் எண்ணெய்தான் கிடக்கு. உவள் இண்டைக்கு எழும்பின மாதிரித்தான்!"

"சேர், என்னெண்டால்..." என்று தொடங்கினாள் செல்வநாயகி.

"கதை வேண்டாம்! நான் என்ன படிப்பிச்சனான்? சொல்லு."

"திறந்த பைலைச் சேவ் பண்ணி மூடோணும். எடுத்ததை விடோணும்."

"மூடாட்டி?"

"கறண்ட் நிண்டால் எல்லாம் அழிஞ்சுபோகும் சேர்."

"பைலுக்கு மட்டுமே? கதிரைக்கும் அதுதான் சட்டம்!"

வகுப்பே சிரித்தது. எல்லாரையும்விடக் கூடச் சிரித்தவர் மாஸ்டர்தான்.

 செல்வநாயகி அப்போதும் எழும்பவில்லை.

"சேர், உங்கடை பைல்..."

"என்ரை பைலை நான் பாப்பன். நீ கதிரையை விடு!"

"கதிரையிலை பலாப்பால் ஒட்டிப்போட்டுதோ தெரியேல்லை," என்றார் நமசிவாயம்.

மாஸ்டருக்குப் பொறுமை போய்விட்டது. கதிரையை இழுக்கக் குனிந்தார். குனிந்தவர் நிமிரவில்லை.

மேசைக்கடியிலிருந்த பிளக் ஆடுகிறது என்று அவள் போன கிழமையே சொல்லியிருந்தாள். "இனி அசையாது" என்று அவர் செருகிவிட்ட நெருப்புக்குச்சி நிலத்தில் கிடந்தது. விழப்போன பிளக்கை அவளுடைய குதிக்கால் அழுத்திப் பிடித்திருந்தது. கால் நடுங்கிக்கொண்டிருந்தது.

மாஸ்டர் வயர் போன வழியே பார்த்தார். அது அவருடைய கொம்பியூட்டருக்குத்தான் போனது. திரையில் இருநூற்றெண்பத்தேழாவது குடும்பத்தின் பெயர். காலையில் திறந்த பைல், இன்னும் ஒருதரமும் சேவ் பண்ணி மூடவில்லை.

"சேர்," என்றாள் செல்வநாயகி மெல்ல, "முதல் நீங்கள் அதை மூடுங்கோ. பிறகு நான் எழும்புறன்."