ஒன்று மட்டுமே மீதம்

அண்ணன் நாற்காலியை விட்டு எழுந்தால்தான் அவள் அந்த அறையிலிருந்து வெளியே போக முடியும். அவன் எழுவதாக இல்லை.

மூன்று பக்கமும் மெத்தைகள் கூரை வரை ஏறியிருந்தன. ஜன்னல் போன மாதமே மறைந்துவிட்டது. நடுவில் ஒரு மேசை, ஒரு மடிக்கணினி, அவளுடைய தையல் இயந்திரம். நகர வேண்டுமென்றால் உடம்பை ஒருக்களித்துத்தான் நகர வேண்டும்.

எல்லாம் படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களுக்கான மெத்தைகள். முதுகில் புண் வராமல் தாங்கும். தையல் உறுத்திவிடக் கூடாதென்று விளிம்பைக் கீழ்ப்பக்கமாக மடித்துத் தைப்பாள். கடைசி முடிச்சைப் போடும்போது, அதில் படுக்கப்போகிற முகம் தெரியாத அந்த ஒருவருக்காக மனதுக்குள் வேண்டிக்கொள்வாள்.

தைக்கத் தெரிந்த அளவுக்கு அவளுக்கு விற்கத் தெரியவில்லை. அதனால்தான் பார்த்த வேலையை விட்டுவிட்டு அண்ணன் வந்து சேர்ந்தான். இணையக் கடைக்கு எந்த மென்பொருள் சரிப்படும் என்று அலசி அலசி, கடைசியில் இரண்டில் வந்து நின்றான்.

வாரத்துக்கு ஒன்றாக இரண்டையும் ஓடவிட்டுப் பார்த்தார்கள்.

முதலாவது, மெத்தையின் படத்தையும் விலையையும் காட்டிவிட்டுச் சும்மா இருந்தது. அந்த வாரம் இரண்டு மெத்தை போனது.

இரண்டாவது, படத்துக்குக் கீழே சிவப்பில் ஒரு வரி போட்டது: ‘ஒன்று மட்டுமே மீதம்.’ அந்த வாரம் பதினான்கு போனது.

பதினான்கு போன பிறகும் அந்த வரி மாறவில்லை.

அதை எடுத்துவிட முடியுமா என்று அவள் அந்த மென்பொருள் கம்பெனிக்குப் போன் செய்து கேட்டாள். எதிர்முனையில் பேசியவர், அந்த வரிக்காகத்தான் எல்லாரும் எங்களிடம் வருகிறார்கள் என்று மிகவும் மரியாதையாகச் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

இலவசச் சோதனை இன்று மாலை ஐந்தோடு முடிகிறது. ஐந்துக்குள் ஒப்பந்தம் போட வேண்டும். போட்டால் ஒரு வருடத்துக்கு வெளியே வர முடியாது. கடை அவள் பெயரில் இருப்பதால் உறுதி செய்யும் எண் அவள் போனுக்குத்தான் வரும்.

அவள், இது பொய் என்றாள். பக்கத்தில் ஒரு நோயாளியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவரைப் பயமுறுத்தி வாங்க வைப்பதா என்றாள். அண்ணன், எல்லாக் கடையும் போடுகிற வரிதான், படிக்கிறவர்களுக்கும் அது தெரியும் என்றான். அவள் திரும்பவும் பொய் என்றாள்.

“சரி, சாமியாரம்மா. உன் உண்மையை வெச்சு இந்த ஜன்னலைத் திறந்து காட்டு.”

அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது. காலையில்தான் அண்ணி, இந்த வீட்டில் மெத்தைக்குக் குறைவில்லை, தூக்கம்தான் இல்லை என்று சிரிக்காமல் சொல்லிவிட்டுப் போயிருந்தாள்.

மென்பொருளின் சாமர்த்தியத்தைக் காட்ட அண்ணன் திரையை அவள் பக்கம் திருப்பினான். யாரோ ஒரு பெண் மூன்று நாளில் பதினோரு முறை மெத்தையைக் கூடையில் போட்டுவிட்டு, பதினோரு முறையும் எடுத்துவிட்டிருந்தாள். பக்கத்தில் அவளுடைய போன் நம்பர். அதற்குக் கீழே மென்பொருளின் யோசனை: ‘தயங்குகிறார். அவசரப்படுத்தவும்.’

அவன் தங்கையின் போனிலிருந்தே அந்த நம்பரை அழைத்து, ஸ்பீக்கரைப் போட்டு, மேசை நடுவில் வைத்தான். ஒரு மணி நேரத்தில் போய்விடும் என்று மட்டும் சொல், உன் குரலைக் கேட்டால் யாரும் மறுக்க மாட்டார்கள் என்று கிசுகிசுத்தான்.

எடுக்கக் கூடாதே என்று அவள் வேண்டிக்கொண்டாள். எடுத்துவிட்டார்கள்.

அவள் சொன்னாள். மெத்தை ஒன்றுதான் இருக்கிறது, இன்னும் ஒரு மணி நேரத்தில் போய்விடும் என்று, எழுதி வைத்ததைப் படிப்பதுபோல் சொல்லி முடித்தாள். வேறு யாரோ பேசுவதுபோல் இருந்தது. சுற்றி அடுக்கியிருந்த மெத்தைகளை அவள் பார்க்கவில்லை.

எதிர்முனையில் யாரோ இருமினார்கள். சக்கரம் வைத்த எதையோ உருட்டிக்கொண்டு போகும் சத்தம் கேட்டது.

அண்ணன் அதற்குள் ஒப்பந்தத்துக்கான பொத்தானை அழுத்திவிட்டான். ஐந்தாக இரண்டு நிமிடம் இருந்தது.

“ஒரு மணி நேரமா? கொஞ்சம் பொறுத்துக்கங்கம்மா,” என்றது அந்தக் குரல். “இது நான் மட்டும் இல்லை. எங்க வார்டுல துணைக்கு இருக்கறவங்க பதினோரு பேரு. எல்லாரும் என் போன்லதான் பார்த்தோம். ஒண்ணுதான் இருக்குன்னு போட்டிருக்கா, ஒருத்தர் எடுத்துப் போடறது, அப்புறம் பக்கத்துக் கட்டிலைப் பார்த்துட்டு, அவங்களுக்குத்தான் ரொம்ப முடியலை, அவங்களே வாங்கிக்கட்டும்னு விட்டுடறது. மூணு நாளா இதே கதைதான். இதோ, இப்பவே சீட்டுக் குலுக்கிப் போட்டு யாருக்குன்னு சொல்லிடறோம்.”

மேசை மேல் போன் அதிர்ந்தது. ஆறு இலக்க எண் வந்திருந்தது. இருவரும் அதைப் பார்த்தார்கள்.

அண்ணன் போனைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். அவள் தடுக்கவில்லை.

“சீட்டெல்லாம் போடாதீங்கம்மா,” என்றான்.

வந்த எண்ணை அடிக்காமல் அவன் உட்கார்ந்திருந்தபோதே மணி ஐந்தைத் தாண்டியது.