ரூபாய் வேண்டாம்

“கைய எடு பைலி. உசிரோட உரிச்சுடுவான்.”

திவாகரக் குறுப்பு போட்ட அதட்டலில், பக்கத்து மேஜையில் நண்டு உடைத்துக்கொண்டிருந்த பைலி உட்பட எட்டுப் பேரும் கையைத் தூக்கிவிட்டார்கள். அவர் சொன்னது நண்டைப் பற்றி அல்ல. அந்த வியட்நாம் டானாங் கடற்கரை ஓட்டலில் பரிமாறும் பெண் லன் ஏந்தி வந்த கார்டு மெஷினைப் பற்றி.

இரண்டு மேஜைக்காரர்களும் திருச்சூரிலிருந்து ஒரே டூரில் வந்தவர்கள்தான். நேற்று ஒரு கடையில், ‘ரூபாயில் எடுக்கட்டுமா’ என்று மெஷின் கேட்டதற்குப் பைலி சரி என்று அமுக்கிவிட்டு, கூடுதல் காசைத் தண்டம் அழுதான். அதிலிருந்து குறுப்பு அவனை மனுஷனாகவே மதிக்கவில்லை.

“மாத்திக் குடுக்கறேன்னு சொல்லியே நூத்துக்கு அஞ்சு உருவறான். அதை அமுக்க உனக்கு ஒரு விரல் வேற.”

“விடுங்க சேட்டா, பாவம்,” என்றாள் அவர் மனைவி வத்சலா. ஒரு தட்டு வறுத்த சோற்றை இருவரும் பங்கிட்டுத் தின்றிருந்தார்கள். மிச்சம் பிடிக்கிற காசில் நாளை அவளுக்கு முத்துமாலை என்று வாக்குக் கொடுத்திருந்தார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவராக வாயைத் திறந்து சொன்னது இதுதான் முதல் தடவை. அதை நினைத்தே அவளும் அரை வயிற்றோடு இருந்தாள்.

“பாவமா? படிச்ச முட்டாள். ஏம்மா, அதை இங்க கொண்டா. டேய், பார்த்துக் கத்துக்கோ.”

லன் தயங்கினாள். “சார், இது வந்து...”

“தெரியும்மா. இந்த ஊர் டாங்கா, நம்ம ரூபாயான்னு கேப்பே. என்கிட்ட அந்த வித்தை பலிக்காது.”

மெஷினை வாங்கித் தன் கார்டைச் செருகினார். திரையில் இரண்டு வரிகள் வந்தன. ரூபாய் வரியைக் கட்டைவிரலால் மூடிக்கொண்டார்.

“இந்த வரியைக் கண்ணால பார்க்கவே கூடாது. பார்த்தா கை தானா அங்க போயிடும்.”

வத்சலா எட்டிப் பார்த்தாள். “இவ்வளவு பூஜ்யம் இருக்கே சேட்டா?”

“இந்த ஊர்ல ஒரு டீ குடிச்சாலே பூஜ்யம் வரிசைகட்டி நிக்கும். உனக்கும் இவனுக்கும் ஒரே மூளை.”

டாங்கை அமுக்கினார். ரகசிய எண்ணைக் குத்தினார். பணம் போய்விட்டதென்று மெஷின் கூவியது. வாய் நிறைய நண்டோடு இருந்த பைலி ஏதோ சொல்ல வந்து, மென்று விழுங்கினான்.

“இப்பப் புரிஞ்சுதா, யாருக்கு விவரம்னு?”

லன் ரசீதைக் கிழித்து, இரண்டு கையாலும் பணிவாக அவரிடம் நீட்டினாள்.

“சார், இது அந்த மேஜை பில். உங்களோடது இனிமேதான் வரும்.”