மூன்றாவது காரணம்

"சூடு வச்சிருக்கேன் சார்" என்றாள் அந்த அம்மாள், எடுத்த எடுப்பிலேயே.

டாக்டர் இன்னும் நாற்காலியில் சரியாக உட்காரக்கூட இல்லை.

"யாருக்கு?"

"என் பையனுக்குத்தான். சின்ன வயசுல. இதோ, இந்த இஸ்திரிப் பெட்டியாலதான்."

அறையில் பாதியை இஸ்திரி மேசை அடைத்துக்கொண்டிருந்தது. மீதியில் ஊரார் சட்டைகள். மகன் பிடிபட்ட பிறகு யாரும் வந்து வாங்கிப் போகாததால், மடிப்புக் கலையாமல் அடுக்கி இருந்தன.

மகனுக்குப் பத்திரிகைகள் வைத்த பெயர் மழைக்காரன். மழை நாளாகப் பார்த்து நாலு பெண்களைக் கொன்றவன். குற்றம் நிரூபணமாகிவிட்டது, தூக்கா, ஆயுளா என்பதுதான் பாக்கி. அவன் மனசை ஆராய்ந்து அறிக்கை கொடுக்கும்படி கோர்ட் டாக்டரைக் கேட்டிருந்தது. தொடர் கொலைகாரர்களைப் பற்றிப் பேச ஆள் வேண்டுமென்றால் எல்லோரும் அவரைத்தான் கூப்பிடுவார்கள்.

ஜெயிலில் மழைக்காரன் அவருக்குப் பிரயோஜனப்படவில்லை. "ஏன் செஞ்சே?" என்றால், "தோணுச்சு" என்றான். அவ்வளவுதான். 'தோணுச்சு' என்பதை வைத்துக்கொண்டு ஒரு பாரா கூட எழுத முடியாது.

அம்மாக்காரி பரவாயில்லை.

"எதுக்காகச் சூடு வச்சீங்க?"

"பாலைக் கொட்டிட்டான் சார்."

"எங்கே?"

"தரையில."

"பால் இல்லம்மா. சூடு எங்கே?"

"ஓ... கையில. வலது கை." கொஞ்சம் யோசித்தாள். "ரெண்டு கையிலயும்னே வச்சுக்குங்களேன்."

"தழும்பு எதையும் நான் பார்க்கலையே."

"ஆறிடுச்சு சார்."

"உடம்புத் தழும்பு ஆறிடும். மனசுத் தழும்பு ஆறாது" என்றார் டாக்டர். சொன்னது தனக்கே பிடித்துப்போய், அதையும் குறித்துக்கொண்டார். "அப்புறம்?"

"ராத்திரி படுக்கையில மூத்திரம் போயிடுவான். நனைஞ்ச போர்வையை அவன் தலையில போட்டு, நாலு பேர் பார்க்கத் தெருவுல நிக்க வைப்பேன்."

டாக்டருக்கு உச்சி குளிர்ந்தது. முகத்தை மட்டும் கடுகடுவென்று வைத்துக்கொண்டார்.

ஜன்னலில் ஒரு தலை தெரிந்தது. எதிர்வீட்டுக்காரி.

"என்னக்கா உளர்றே? நீயா நிக்க வச்சே? வாத்தியார் அவன் காதைத் திருகினார்னு பள்ளிக்கூடத்துக்கே போய் ஒரு ஆட்டம் ஆடிட்டு வந்தவ நீ! உன் செல்லம்தான் அவனைக் கெடுத்துதுன்னு நானே எத்தனை தடவை..."

"நீ போய் உன் ஜோலியைப் பாருடி! உனக்கென்ன தெரியும்? கதவைச் சாத்திக்கிட்டு அடிப்பேன், சத்தம் வராம அடிப்பேன்!"

ஜன்னல் படாரென்று சாத்தப்பட்டது. தெருவில் நிற்க வைத்ததும் கதவைச் சாத்தி அடித்ததும் எப்படி ஒத்துப்போகும் என்று டாக்டர் கேட்கவில்லை.

"அக்கம்பக்கத்துக்காரங்களுக்கு எப்பவுமே எதுவும் தெரியாது" என்றார். "இந்த மாதிரிக் குடும்பங்கள்ல அதுவும் ஒரு அடையாளம்."

"ஆமா சார். அதையும் எழுதிக்குங்க."

"மழை ஏன்னு இப்பத்தான் புரியுது. நனைஞ்ச போர்வை, சொட்டுச் சொட்டாத் தண்ணி, அவமானம். மழை பெய்யறப்பல்லாம் அவன் கொன்னது அந்தப் பொண்ணுங்களை இல்லம்மா. உங்களை."

"மழையில கத்தினா வெளிய கேக்காது, அதனாலதான்..." என்று ஆரம்பித்தவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். "இல்ல, இல்ல. நீங்க சொல்றதுதான் சரி. என்னைத்தான்."

அவள் விரல் ஒரு சட்டைக் காலரை நீவிக்கொண்டே இருந்தது.

"என்னையே கொன்னிருக்கலாம் சார். அந்த நாலு பொண்ணுங்களும் இருந்திருப்பாங்க."

இதை மட்டும் அவள் யோசிக்காமல் சொன்னாள். இதை மட்டும் டாக்டர் குறித்துக்கொள்ளவில்லை.

"உங்களை மாதிரி அம்மாக்களையும் சேர்த்துக் கூண்டுல ஏத்தணும்" என்றார்.

"ஏத்துங்க சார். அவன் தூக்குக் கயித்துலேருந்து தப்பிச்சிடுவானா?"

"அதுக்கு ரெண்டு காரணம் பத்தாது. ஒரு மனுஷன் இப்படி ஆகறதுக்கு மூணு காரணம் உண்டு. மூணும் சேர்ந்தாத்தான் கோர்ட்டை நம்ப வைக்க முடியும். மூணாவது உங்க வாயால வரணும். நான் எடுத்துக் கொடுக்கக் கூடாது. தொழில் தர்மம்."

அவள் முகம் வியர்த்துவிட்டது.

"பட்டினி போட்டிருக்கேன் சார்."

டாக்டர் உதட்டைப் பிதுக்கினார்.

"இருட்டுல பூட்டி வச்சிருக்கேன்."

"அதைவிட ஆழமா யோசிங்க."

"அவங்கப்பா குடிச்சிட்டு..."

"குடிக்காத அப்பா யாரு? சரிம்மா. உங்களுக்கு வெளிய சொல்ல மனசு இல்லை. நான் வர்றேன்." பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு எழுந்தார். பெற்ற பிள்ளைக்காகக்கூட உண்மையைச் சொல்லாத ஜென்மம் என்று நினைத்துக்கொண்டார்.

அவள் ஓடிவந்து வாசலை மறித்துக்கொண்டாள். தெருவில் யாரும் இல்லை என்று ஒரு தரம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"சார், டிவில நீங்க பேசினப்போ முதல் ரெண்டு காரணத்தைத்தான் நான் கேட்டேன். மூணாவது விளம்பரத்துக்கு அப்புறம்னு சொன்னீங்க. அதுக்குள்ள கரண்ட் போயிடுச்சு. அது என்ன சார்? எதுவா இருந்தாலும் சரி, அதையும் நான்தான் செஞ்சேன்னு எழுதிக்குங்க."