சதையில் இல்லை

“சதையே இல்லை! சதையைக் குடுக்காம நான் என்னத்தப் பாத்துச் சொல்ல?”

“இருக்கிறத வச்சுச் சொல்லு!”

ஞாயிற்றுக்கிழமை. எதிர்வீட்டுச் சமையலறை. கறிக்கடைக்காரன் வெறும் எலும்பைக் கட்டிக் கொடுத்துவிட்டான் என்றுதான் நினைத்தேன்.

மிக்சியை நிறுத்தினேன். சண்டையை அரைகுறையாகக் கேட்பது பாவம்.

கறி இல்லை. மூத்திரப்பை.

அவர் அறுவை டாக்டர். மூத்திரப்பைக்குள் வளர்ந்த புற்றுக்கட்டியைச் சுரண்டி எடுப்பவர். எடுத்ததை மைக்ராஸ்கோப்பில் பார்த்து, என்ன நோய், எவ்வளவு ஆழம் என்று எழுதுபவள் அவர் மனைவி.

“இசக்கியப்பன் பாவம்டி.”

எங்கள் தெருத் தையல்காரர். ஜன்னலுக்கு இன்னும் கொஞ்சம் நெருங்கினேன்.

“பதினெட்டு நாள்ல மகளுக்குக் கல்யாணம். எல்லாத்தையும் எடுத்துட்டேன். ‘சதையில் இல்லை’ன்னு ஒரு வரி எழுது. நிம்மதியா வீட்டுக்குப் போகட்டும்.”

“‘சதையில் இல்லை’ன்னா, பையோட சுவருக்குள்ள இருக்கிற சதை வரைக்கும் நோய் ஆழமா போகலன்னு அர்த்தம். நீங்க அந்த ஆழத்துக்குப் போகவே இல்லையே. ‘சதை இல்லை’ன்னுதான் எழுதுவேன்.”

இரண்டே எழுத்து. அதற்கு இவ்வளவு சத்தம்.

“நாளைக்கு ஆஸ்பத்திரி மீட்டிங்ல எல்லார் முன்னாடியும் சொல்லுவியா?”

“சொல்லுவேன். அதுக்குத்தானே எனக்கும் அங்க ஒரு நாற்காலி?”

ஒரு தட்டு உடைந்தது. யார் கையிலிருந்து என்று தெரியவில்லை. இன்றுவரை அது ஒரு குறைதான்.

சொன்னாள். மருந்து டாக்டர், கதிர்வீச்சு டாக்டர், எல்லாரும் இருக்க.

மறுபடி சுரண்டினார்கள். இந்த முறை சதை இருந்தது.

சதையில் நோயும் இருந்தது.

கல்யாணத்தை முன்னுக்கு இழுத்துக் கோயிலில் முடித்தார்கள். பெண் தூத்துக்குடிக்குப் போனாள். மருந்து ஏற்றி, பிறகு இசக்கியப்பனின் மூத்திரப்பையையே எடுத்தார்கள். இப்போது மூத்திரம் சேர வயிற்றின் ஓரத்தில் ஒரு பை தொங்குகிறது. அதற்கு அவரே உறை தைத்துக்கொண்டார். மகளின் கல்யாண ரவிக்கையில் மிஞ்சிய துணி. சரிகையோடு.

பிழைத்துக்கிடக்கிறார். மிஷின் சத்தம் கேட்கிறது.

எதிர்வீட்டில்தான் சத்தம் இல்லை. டாக்டர் சேலத்தில் வேலை தேடிக்கொண்டார். அவள் போகவில்லை. பிரிந்துவிட்டார்கள் என்று தெரு பேசியது. தெருவுக்குச் சொன்னது நான்தான்.

சேலத்திலிருந்து மாதம் ஒரு பார்சல் வருகிறது. அவள் இல்லாத நாளில் நானே கையெழுத்துப் போட்டு வாங்குவேன். குலுக்கினால் சேலை மாதிரி இல்லை. அதையும் கேட்டுவிட்டேன்.

“மைக்ராஸ்கோப்ல வச்சுப் பாக்குற கண்ணாடிச் சில்லுக்கா. அவர் ஆபரேஷன்ல எடுத்தது.”

“சேலத்துல பாக்க ஆளில்லையா?”

“இருக்காங்க. பாத்து எழுதியும் குடுத்துட்டாங்க.”

பெட்டியைப் பிரித்தாள். மேலே ஒரு துண்டுச்சீட்டு. எட்டிப் பார்த்தேன். டாக்டர் கையெழுத்துதான், ஆனால் படிக்க முடிந்தது.

“நீயும் பார்த்துச் சொல். சதை இருக்கிறதா?”